கை மரத்துப் போகிறது, வேலையை விட முடியாது: என்ன செய்யலாம்?

கேட்டவர் குடியாத்தம் பக்கத்துப் பெண். கம்பெனி வேனில் ஆம்பூர் போய் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) பிரிவில் மடிப்பு வேலையும் தையலும் செய்கிறார். ராத்திரியில் வலது கை மரத்துப் போய்த் தூக்கம் கலைகிறது, எழுந்து உதறினால் சரியாகிறது. பகலில் கட்டைவிரல் அடியில் சுருக்கென்று குத்துகிறது. வீட்டில் அம்மா பல வருடமாகப் பீடி சுற்றுகிறார்; அவருக்குக் கழுத்தும் தோளும் வலி. இரண்டு பேருமே வேலையை விட முடியாது. எண்ணெய் தேய்த்து நீவினால் போதுமா, ஊசி போட்டுக்கொள்ளலாமா, ஆபரேஷனில் போய் முடியுமா, இனி வராமல் தடுக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, நான் வேலூரில் கை மறுவாழ்வுச் சிகிச்சையில் வேலை செய்கிறேன். உங்களைப் போலத் தோல் கம்பெனிகளிலிருந்தும், பீடி சுற்றும் வீடுகளிலிருந்தும், தறியிலிருந்தும் வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். உதறினால் போய்விடுகிற மரப்பு பெரும்பாலும் ஆரம்பக் கட்டம். இப்போதே கவனித்தால் ஆபரேஷன் இல்லாமல் சரியாக நல்ல வாய்ப்பு இருக்கிறது. எண்ணெய் மட்டும் போதாது. ஊசிக்கு இடம் உண்டு, ஆனால் எடுத்தவுடன் அது வேண்டாம். தடுக்க முடியுமா என்றால், முடியும். அதற்குக் கையை மட்டும் பார்த்தால் பத்தாது, வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஒரே கையில் இரண்டு தொந்தரவுகள் இருப்பதாகத் தோன்றுகிறது. மரப்பு நரம்பு விஷயம். கட்டைவிரல் அடியில் குத்துவது தசைநாண் விஷயம், அதாவது தசையை எலும்போடு சேர்க்கிற நார்க்கயிறு. இரண்டுக்கும் கவனிப்பு வேறு வேறு என்பதால் முதலில் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை மரத்துப் போகும்போது விளக்கைப் போட்டு எந்தெந்த விரல் என்று பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்து, சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருந்தால், மணிக்கட்டுக்குள் மீடியன் நரம்பு நெருக்கப்படுகிறது என்று சொல்லலாம். மணிக்கட்டின் உள்பக்கம் எலும்புகளுக்கும் ஒரு கெட்டியான பட்டைக்கும் நடுவே குறுகலான வழி இருக்கிறது. அதன் வழியாக ஒன்பது தசைநாண்களும் இந்த ஒரு நரம்பும் போகின்றன. தசைநாண்களைச் சுற்றியிருக்கும் உறை கொஞ்சம் தடித்தாலே நரம்புக்கு இடம் பத்தாது. இதைத்தான் டாக்டர்கள் கார்ப்பல் டனல் என்கிறார்கள். ராத்திரியில் ஏன் என்றால், தூக்கத்தில் நாம் அறியாமல் மணிக்கட்டை மடித்து வைத்துக்கொள்கிறோம், அப்போது அந்த வழி இன்னும் நெருக்கமாகிறது. சுண்டுவிரலும் அதை ஒட்டிய பாதி விரலும்தான் மரத்துப் போகிறது என்றால், பிரச்சினை மணிக்கட்டில் இல்லை, முழங்கையில் இருக்கலாம். மேசை ஓரத்தில் முழங்கையை ஊன்றி வேலை செய்கிறவர்களுக்கும், கையை மடக்கிப் போனை மணிக்கணக்காகக் காதில் வைத்திருப்பவர்களுக்கும் அது வரும். கழுத்தைத் திருப்பும்போது தோளிலிருந்து கை வரை மின்சாரம் போல இறங்கினால் கழுத்தைப் பார்க்க வேண்டும்.

கட்டைவிரல் வலிக்கு இன்னொரு சோதனை. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாயுங்கள். கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் உயிர் போகிற மாதிரி வலித்தால் அது பெரும்பாலும் டி குவெர்வேன் தொந்தரவு. 1895ல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவரின் பெயர் அது. தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து மடித்து, சுத்தியால் தட்டுகிற உங்கள் வேலைக்கு இது வரக்கூடியதுதான். கைக்குழந்தையைத் திரும்பத் திரும்பத் தூக்குகிற தாய்மாருக்கும் நிறைய வரும்.

இதோடு ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சர்க்கரை, தைராய்டு குறைவு, முடக்குவாதம், கர்ப்பம் இவை எல்லாம் மணிக்கட்டு நரம்பு நெருக்கத்தைக் கூட்டும். கம்பெனி வேலையால்தான் வந்தது என்று நினைத்து வருகிறவர்களில் சிலருக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரிய வருகிறது. காலையில் எழுந்தால் இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கி, விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது வேலை வலி அல்ல, உடனே டாக்டரிடம் போக வேண்டிய மூட்டுவாதமாக இருக்கலாம்.

சரி, இது ஏன் வருகிறது? இதற்கான மிக நல்ல விளக்கத்தைக் கொடுத்தவர்களில் ஒருவர் நம் ஊரில் வேலை செய்த மனிதர். டாக்டர் பால் பிராண்ட் 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, வேறு தசைநாண்களை மாற்றிப் பொருத்தி நிமிர்த்துகிற அறுவைச் சிகிச்சையை இங்கே வளர்த்தெடுத்தார். அந்த நோயாளிகளின் கையிலும் காலிலும் புண் வருவது கிருமி சதையைத் தின்பதால் அல்ல, வலி தெரியாததால்தான் என்று கண்டுபிடித்ததும் அவரும் கூட இருந்தவர்களும். 1966ல் அமெரிக்கா போன பிறகு அதையே மேலும் ஆராய்ந்தார். எலியின் பாதத்தில், ஒரு தடவை அழுத்தினால் எந்தத் தீங்கும் செய்யாத மிதமான அழுத்தத்தை, இயந்திரம் வைத்து ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை கொடுத்துப் பார்த்தார்கள். ஓரிரு நாளில் சூடும் வீக்கமும் வந்தன, விடாமல் தொடர்ந்தபோது புண்ணானது. எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்து, வார இறுதியில் ஓய்வும் கொடுத்தபோது புண் வரவில்லை. அதே பாதம் தடித்து, பழகிக்கொண்டது.

நான் என் நோயாளிகளிடம் அடிக்கடி சொல்வது இந்தச் சோதனையைத்தான். இரண்டு முறையும் அழுத்தம் ஒன்றேதான். வேறுபட்டது எண்ணிக்கையும் இடைவெளியும். நீங்கள் கையில் தூக்குவது கனமான பொருள் அல்ல, ஒரு துண்டுத் தோல். “இதைத் தூக்கினால் கை போய்விடுமா?” என்று வீட்டில் கேட்பார்கள். ஒரு தடவை தூக்கினால் போகாது. ஷிப்ட் முழுக்க, அதே இரண்டு விரலால், அதே கோணத்தில், ஆறுவதற்கு நேரமே கொடுக்காமல் செய்தால் நோகத்தான் செய்யும். தசை, தசைநாண், நரம்பு எல்லாமே வேலையால் கொஞ்சம் தேய்ந்து ஓய்வில் சரியாகிறவை. ராத்திரிக்குள் சரியாகாத மிச்சம் மறுநாள் கணக்கில் சேர்கிறது. அப்படிச் சேர்ந்ததுதான் இப்போது உங்களைத் தூக்கத்தில் எழுப்புகிறது. இன்னொன்றும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பழகுகிற குணம் உடம்புக்கு உண்டு. அதனால் இதற்குத் தீர்வு கையை அசைக்காமல் வைப்பது அல்ல. கை தாங்குகிற அளவுக்கு வேலையைக் குறைத்துவிட்டு, பிறகு அந்தத் தாங்கும் அளவை மெல்லக் கூட்ட வேண்டும்.

இது கம்ப்யூட்டர் காலத்து வியாதி என்று பலர் நினைக்கிறார்கள். 1713லேயே இத்தாலிய மருத்துவர் ராமாட்சினி, நாள் முழுக்க எழுதும் கணக்குப்பிள்ளைகளின் கை வலிக்கு மூன்று காரணம் சொன்னார்: அசையாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி ஓயாமல் அசைப்பது, தப்பு வந்துவிடக் கூடாது என்ற மன அழுத்தம். மூன்றாவதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். டார்கெட் முடியவில்லை என்று சூப்பர்வைசர் பின்னால் நிற்கும்போது தோள் தானாகக் காதை நோக்கி ஏறும், விரல் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும் இடத்தில், வலித்தால் நிறுத்து என்று சொல்வது சுலபம், நிறுத்துவது சுலபம் அல்ல. கை கெட்டதற்கு நீங்கள் உங்களையே குறை சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

இன்றைக்கே தொடங்கக்கூடியது ராத்திரிப் பட்டை. மெடிக்கல் கடையில் மணிக்கட்டு ஸ்பிளின்ட் என்று கேளுங்கள், உள்ளே ஒரு உலோகத் தகடு இருக்கும். பெரும்பாலும் அந்தத் தகடு மணிக்கட்டை மேல்நோக்கி வளைக்கிற மாதிரி வரும். அதை வெளியே உருவி, கையாலேயே நேராக்கி, திரும்பச் செருகுங்கள். நரம்புக்கு அதிக இடம் கிடைப்பது மணிக்கட்டு நேராக இருக்கும்போதுதான். விரல்கள் அசைய வேண்டும், பட்டை இறுக்கக் கூடாது. தினமும் ராத்திரி, குறைந்தது ஆறு வாரம். நான்கு நாள் போட்டுவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று கழற்றி வைப்பவர்கள்தான் அதிகம். பகலில் வேலை செய்யும்போது இதைப் போடாதீர்கள். பட்டையோடு போராடிக்கொண்டு வேலை செய்தால் முழங்கையும் தோளும் சேர்ந்து வலிக்கும். கட்டைவிரல் வலிக்கு மட்டும், கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கிற வேறு பட்டை இருக்கிறது, வலி அதிகமுள்ள வாரங்களில் அது உதவும்.

எண்ணெய் பற்றிக் கேட்டீர்கள். வெதுவெதுப்பான எண்ணெயை முன்கைச் சதையிலும் தோளிலும் மெதுவாகத் தேய்த்தால் இறுக்கம் தளரும், தாராளமாகச் செய்யுங்கள். மணிக்கட்டின் உள்பக்கத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தி நீவுவது வேண்டாம், ஏற்கெனவே நெருக்கத்தில் இருக்கிற நரம்பை அது மேலும் நெருக்கும். நம் பக்கத்தில் எது சுளுக்கினாலும் புத்தூர் கட்டு போட்டுக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. எலும்பு முறியாத, நரம்பு நெருங்கிய மணிக்கட்டை இறுக்கிக் கட்டிப் பல நாள் வைத்திருப்பது இந்தத் தொந்தரவுக்கு நல்லதல்ல. தெருமுனை கிளினிக்கில் போடும் பி காம்ப்ளக்ஸ் ஊசி, உங்களுக்கு உண்மையிலேயே அந்தச் சத்துக் குறைவு இருந்தால் ஒழிய, நரம்பின் நெருக்கத்தை எடுக்காது. வலி மாத்திரையைச் சில நாள் சாப்பிடலாம். மாதக்கணக்கில் தினம் ஒன்று போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போவது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. அதோடு, உடம்பு விடுக்கும் எச்சரிக்கையை அடைத்துவிட்டு அதே வேலையைத் தொடர்வதாகவும் ஆகிவிடும். வலி தெரியாத கைக்கு என்ன ஆகும் என்பதை இந்த ஊர் நிறையப் பார்த்திருக்கிறது.

ஸ்டீராய்டு ஊசி எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி அல்ல. கட்டைவிரல் பக்கத்து டி குவெர்வேனுக்கும், விரல் மடங்கிச் சிக்கிக்கொண்டு ‘டக்’ என்று விடுபடுகிற தொந்தரவுக்கும் அது நன்றாகவே வேலை செய்கிறது, பலருக்கு ஒன்றிரண்டு ஊசியோடு முடிந்துவிடும். கார்ப்பல் டனலுக்குச் சில வாரங்கள், சில மாதங்கள் சுகம் கொடுக்கும். வேலை மாறாவிட்டால் திரும்பி வர வாய்ப்பு அதிகம். முழங்கையின் வெளிப்பக்க வலிக்கு, டென்னிஸ் எல்போ என்பார்களே, அதற்குப் போட்டால் முதல் சில வாரம் அருமையாக இருக்கும், ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்களை விட நிலைமை மோசமாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த வலிக்கு ஊசி வேண்டாம் என்றே நான் சொல்வேன். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும், டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி வேலை. இதைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். கைக்குத் தீங்கு செய்வது எவ்வளவு பலமாகப் பிடிக்கிறோம், எத்தனை தடவை, மூட்டு எந்தக் கோணத்தில், நடுவில் எவ்வளவு ஓய்வு என்ற நான்கும் சேர்ந்துதான். எண்ணிக்கையைக் கம்பெனி முடிவு செய்கிறது. மற்ற மூன்றில் கொஞ்சமாவது உங்கள் கையில் இருக்கிறது.

பிடியிலிருந்து ஆரம்பியுங்கள். மழுங்கின கத்தரிக்கோல்தான் நான் பார்க்கிற பெரிய எதிரி. கூர் போனால் வெட்டும் பலம் முழுக்க உங்கள் கட்டைவிரலிலிருந்து வர வேண்டும். கூர் தீட்டித் தரச் சொல்லிக் கேட்பது தவறே இல்லை. நூல் வெட்ட ஸ்பிரிங் வைத்த சின்ன கட்டர் இருந்தால் கத்தரியை விட நல்லது, தானாகத் திறந்துகொள்ளும். பசை பிரஷின் பிடியும் சுத்தியின் பிடியும் ஒல்லியாக இருந்தால் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றிக் கொஞ்சம் தடிமனாக்குங்கள். ஒல்லிப் பிடியை இறுக்கிப் பிடிக்க அதிக பலம் வேண்டும். மடிக்கும்போது விரல் நுனியால் கிள்ளி இழுப்பதற்குப் பதிலாக, முடிந்த இடத்தில் விரலின் பக்கவாட்டையோ உள்ளங்கையின் அடியையோ வைத்து அழுத்திப் பாருங்கள். வேலை கற்றுக்கொண்ட காலத்தில் பிடித்த அதே இறுக்கத்தை, கை தேர்ந்த பிறகும் பலர் விடுவதில்லை. பாதிப் பலத்தில் பிடித்தாலே தோல் நழுவாது என்பதைச் செய்து பார்த்தால்தான் நம்புவீர்கள்.

உட்காரும் உயரம் அடுத்தது. தோளைத் தூக்காமல், முழங்கை மேசை மட்டத்தில் இருக்க வேண்டும். தூண் மாதிரி நிற்கிற போஸ்ட் பெட் மெஷினில் ஊசி இருக்கும் இடம் உயரம், அதனால் உயரம் குறைவான பெண்கள் நாள் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டே தைக்கிறார்கள். நாற்காலியை ஏற்றினால் கால் தொங்கும், அப்போது காலடியில் ஒரு பலகை போட்டுக்கொள்ள வேண்டும். மணிக்கட்டு மடங்குகிறதா என்பதை நீங்களே பார்க்க முடியாது, பக்கத்து மெஷின் அக்காவை உங்கள் போனிலேயே கொஞ்ச நேரம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், கம்பெனியில் போனுக்கு அனுமதி இருந்தால். ஒரு தடவை பார்த்தால் போதும், உங்களுக்கே தெரிந்துவிடும்.

வேலையை மாற்றி மாற்றிக் கொடுப்பது நல்லது என்று பல கம்பெனிகளுக்கே தெரியும். மடிப்பிலிருந்து பசை போடும் மேசைக்கு மாற்றினால் அது மாற்றமே அல்ல, இரண்டும் அதே கட்டைவிரல் வேலை. நின்று செய்கிற, முழுக் கையும் அசைகிற, பரிசோதனை அல்லது பேக்கிங் போன்ற வேலையோடு மாற்றினால்தான் விரலுக்கு ஓய்வு.

இடைவேளையைப் பற்றிச் சூப்பர்வைசரிடம் பேச ஒரு விஷயம் சொல்கிறேன். அமெரிக்காவில் வரித்துறையின் டேட்டா என்ட்ரி ஊழியர்களுக்கு வழக்கமான இடைவேளை போக, ஐந்து ஐந்து நிமிடமாகக் கூடுதல் ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறைந்தது, மொத்த வேலை குறையவில்லை. மெஷினை நிறுத்துகிறோம் என்று பயப்படுகிறவர்களிடம் இதைச் சொல்லலாம். அந்த ஐந்து நிமிடம் கிடைக்காவிட்டாலும், ஒரு கட்டு முடிந்து அடுத்த கட்டு வரும் அரை நிமிடத்தில் கையைத் தொங்கவிட்டு, விரல்களை முழுக்க விரித்து, தோளைப் பின்னால் இரண்டு தடவை சுழற்றுங்கள். 1948ல் வந்த தொழிற்சாலைச் சட்டமே, ஐந்து மணி நேரத்துக்கு மேல் விடாமல் வேலை வாங்கக் கூடாது, அதற்குள் குறைந்தது அரை மணி ஓய்வு வேண்டும் என்று சொன்னது. அந்த அரை மணியில் சாப்பிட்டுவிட்டுப் போனில் கட்டைவிரலால் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தால் கட்டைவிரலுக்கு அது ஷிப்டின் தொடர்ச்சிதான்.

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தால், டாக்டர் சான்றிதழோடு எடுக்கும் நோய் விடுப்புக்கு வருடத்தில் 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் அளவில் உதவித்தொகை உண்டு. அதற்கு முன்பான ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். வலி தாங்காமல் சொல்லாமல் நின்றுவிட்டு, பிறகு வேலையையும் இழந்து, இந்தப் பணத்தையும் வாங்காமல் போன பெண்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. இரண்டு வாரம் முறையாக விடுப்பு எடுத்துத் திரும்பியிருந்தால் பலருக்கு வேலை நிலைத்திருக்கும். திரும்பும்போது முதல் நாளே ஓவர்டைம் வேண்டாம்.

வீட்டு வேலையும் இதே கையின் கணக்கில்தான் சேரும். ஷிப்ட் முடிந்து வந்து துணி துவைத்துப் பிழிவது, தேங்காய் துருவுவது, சப்பாத்தி மாவு பிசைவது, குடத்தின் வாயை விரலால் பிடித்துத் தூக்குவது எல்லாம் மணிக்கட்டையும் கட்டைவிரலையும்தான் பதம் பார்க்கின்றன. கனமான துணியைப் பிழியாமல் கொடியில் தண்ணீர் சொட்டத் தொங்கவிடலாம், அல்லது குழாயில் சுற்றி இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து முறுக்கலாம், அப்போது பலம் தோளிலிருந்து வரும். முறுக்கு அச்சை இந்த மூன்று மாதம் தொடாதீர்கள். வீட்டில் வேறு கைகள் இருக்கின்றன, அண்ணன் தம்பி கையாக இருந்தாலும் கைதான். கை வலிக்கிறது என்று கம்பெனியில் சொல்லத் துணிகிற பெண்கள் கூட வீட்டில் சொல்லத் தயங்குகிறார்கள். பிழியும் வேலையை யாராவது எடுத்துக்கொண்டால் அதுவே பாதி சிகிச்சை.

வலி அடங்கத் தொடங்கியதும் உடற்பயிற்சி. விரல்களை நேராக நீட்டி, கொக்கி போல் மடக்கி, முழுக்க மூடி, மெதுவாக, ஒரு வேளைக்குப் பத்து தடவை. பிறகு தசைநாணுக்குப் பலம் சேர்க்கும் பயிற்சி. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, முன்கையை மேசையில் வைத்து, மணிக்கட்டை மெதுவாக இறக்கி, மெதுவாக ஏற்றுவது. செய்யும்போது லேசாக வலிக்கலாம். மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. மறுநாளும் கூடுதலாக வலித்தால் அளவைக் குறையுங்கள். தசைநாண் தேற மாதங்கள் ஆகும், மூன்று மாதத்தை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். நடுவில், பண்டிகைக்கு முன்னால் ஆர்டர் குவியும் வாரத்தில், வலி திரும்ப எட்டிப் பார்க்கும். அதைக் கண்டு எல்லாம் வீண் என்று மனம் உடைய வேண்டாம். இரண்டு மூன்று நாள் வீட்டு வேலையைக் குறைத்து, பட்டையைத் திரும்ப மாட்டி, பயிற்சியைப் பாதியாக்கி, பிறகு ஏற்றுங்கள். இந்தத் தொந்தரவோடு பல வருடம் நன்றாக வேலை செய்கிறவர்கள், வலியே வராதவர்கள் அல்ல. வலி வந்தால் என்ன குறைப்பது என்று தெரிந்து வைத்திருப்பவர்கள்.

எப்போது தாமதிக்கக் கூடாது? மரப்பு உதறினாலும் போகாமல் பகலிலும் நிலைத்துவிட்டால், சட்டை பட்டன் போட முடியாமல் கையிலிருந்து பொருள் நழுவினால், இரண்டு உள்ளங்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கட்டைவிரல் அடியிலுள்ள மேடு ஒரு கையில் மட்டும் வற்றித் தட்டையாகத் தெரிந்தால், வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். வலி குறைந்துவிட்டதே என்று சிலர் அந்தக் கட்டத்தில்தான் நிம்மதி அடைகிறார்கள். நரம்பு செத்துக்கொண்டிருப்பதால் வலி குறைந்திருக்கலாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. சி.எம்.சி.யில் பால் பிராண்ட் பெயரிலேயே கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. நரம்பில் மின்னோட்டம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் சோதனை செய்து, தேவைப்பட்டால் மணிக்கட்டுக்குள் இருக்கும் அந்தக் கெட்டியான பட்டையை அறுத்து நரம்புக்கு இடம் கொடுப்பார்கள். கையை மட்டும் மரக்கச் செய்து செய்யும் சிறிய ஆபரேஷன் அது. ராத்திரி மரப்பு சீக்கிரமே விட்டுவிடும், உள்ளங்கை அடியில் அழுத்தினால் வரும் வலி சில மாதம் இருக்கும். நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், அதனால் ரொம்ப நாள் கெட்டுப்போன கைக்கு உணர்வு திரும்பத் தாமதமாகும், சிலருக்கு முழுக்கத் திரும்பாது.

உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். தரையில் உட்கார்ந்து, மடியில் முறம் வைத்து, குனிந்தே பல வருடம். அவர் கழுத்துக்கு முதலில் நான் கேட்பது மூக்குக் கண்ணாடி. நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. நூல் சுற்றுவதும் முனை மடிப்பதும் தெரியவில்லை என்று தலை தானாக இன்னும் கீழே போகும். கண் சோதனை செய்து, படிக்கும் கண்ணாடி ஒன்று போட்டு, வெளிச்சம் வரும் வாசல் பக்கம் உட்கார வையுங்கள். வெறும் தரையில் உட்காராமல் ஒரு மணையோ கெட்டியான மெத்தையோ போட்டு, இடுப்பு முழங்காலை விடக் கொஞ்சம் மேலே இருக்கும்படி, முதுகைச் சுவரோடு சாய்த்து உட்காரட்டும். முறத்தின் அடியில் ஒரு தலையணை வைத்து உயர்த்தினால் முறம் கண்ணை நோக்கி வரும், கண் முறத்தை நோக்கிப் போக வேண்டாம். இலை நன்றாக ஊறியிருந்தால் வெட்டப் பலம் குறையும், கத்தரியைக் கூர் தீட்டி வைக்க வேண்டும். இலை வெட்டுவது முழுவதையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டுச் சுற்ற உட்காராமல், கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் சுற்றி என்று மாற்றிச் செய்தால் ஒரே விரல் மணிக்கணக்கில் சிக்காது. ஒரு கட்டு முடிந்ததும் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும்.

அம்மாவின் நடை தடுமாறினால், இரண்டு கையும் சொன்னபடி கேட்காமல் நூல் பிடிக்க வராமல் போனால், சிறுநீரை அடக்க முடியாமல் போனால், அது தோள் வலி அல்ல, கழுத்துக்குள் தண்டுவடம் நெருக்கப்படுவதாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால், அவரையும் உங்களோடு கூட்டிக்கொண்டு வாருங்கள். வரும்போது அம்மாவின் கத்தரியையும், நீங்கள் வேலை செய்யும் வீடியோ கிடைத்தால் அதையும் எடுத்து வாருங்கள். எக்ஸ்ரே காட்டாததை அவை காட்டும்.